கிண்ணமும் பிளாவும்

வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் ஒரு காலத்தில் ஆனையிறவுக் களப்பின் ஆழமற்ற நீரைக் கடந்தே குடாநாட்டுக்குள் இட்டுச்செல்லப்பட்டன. அங்கிருந்து அவை கப்பலேறி அந்நியச் சந்தைகளுக்குப் போயின. யானை போன வழியே இலாபமும் போயிற்று. ஊருக்கு எஞ்சியது ஒரு பெயர்தான்.

இது பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். நம் வேலிகளிற் படரும் நீலச் சங்குப்பூவைப் பாருங்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர்களுள் ஒன்றான கருவிளை இதுவே. இன்று இப்பூவின் சாயத்தை ஜின் என்னும் மதுவில் ஏற்றுகிறார்கள்; எலுமிச்சஞ்சாறு பட்டதும் நீலம் ஊதாவாகும் வித்தையைக் காட்டி, வசந்தகாலப் பானமென்று உலக நகரங்களின் மதுச்சாலைகளில் விற்கிறார்கள். புளிப்புப் பட்டு நிறமி மாறுவது இரசாயனம். அதற்கு நாகரிகம் என்று பெயரிடுவது எந்தச் சாத்திரம்?

அந்த நாகரிகத்தின் குலமுறையைச் சற்றே கிளறுவோம். ஜூனிப்பர்க் காயின் மணமூட்டிய ஒல்லாந்தரின் ஜெனீவர்ச் சாராயமே ஜின்னின் மூதாதை. பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டனில் ஜின் ஏழையின் குடி. பசியையும் குளிரையும் மறக்க அவன் அதைக் குடித்தான். கனவான்கள் அதனைக் கொள்ளைநோய் என்று தூற்றினர். 1736இலும் 1751இலும் நாடாளுமன்றம் அதற்கெதிராகச் சட்டம் இயற்றிற்று. ஹோகார்த் என்னும் ஓவியர், வெறியிலே குழந்தையை நழுவவிடும் தாயை 'ஜின் சந்து' என்ற சித்திரத்தில் வரைந்ததும் அதே 1751இல்தான். பின்னர் அந்த ஜின்னே மேட்டுக்குடியின் மேசையில் ஏறிற்று. 1916இல் நியூயோர்க்கின் ஹியூகோ என்ஸ்லின் வெளியிட்ட கலவைமது நூலில், ஜின்னோடு வயலட் பூ மது சேரும் 'ஏவியேஷன்' இடம்பெற்றது. குடிப்பவன் மாறினான், பாவம் தீர்ந்தது!

இனி இயக்கச்சிப் பனையடிக்கு வருவோம். கள்ளும் பூவிற் பிறப்பதே. பாளை என்பது பனையின் பூங்கொத்தன்றி வேறென்ன? சீவல் தொழிலாளி தளைநார் பூட்டி நாள்தோறும் மரமேறுகிறான். பாளையைத் தட்டிப் பதப்படுத்தி, நுனி சீவி, முட்டி கட்டுகிறான். முட்டியிற் சுண்ணாம்பு பூசினால் இனிய கருப்பநீர். பூசாவிடில் மதுவம் பெருகிக் கள். கருப்பநீரைக் காய்ச்சினால் பனங்கட்டி. கால் வழுவினாலோ, குடும்பமே நடுத்தெருவில். இத்தனை நுட்பமும் ஆபத்தும் நிறைந்த மலர்ப்பானத்தைத் தவறணையிற் பிளா ஏந்திப் பருகுபவன் குடிகாரன். விடுதியிற் கண்ணாடிக் கிண்ணம் ஏந்துபவன் இரசிகன்!

கள்ளை விரும்பிய உயர்குலத்தார் அதை இறக்கியவனைத் திண்ணையில் ஏற்றவில்லை. தேநீர்க் கடையில் அவனுக்கு வேறு பேணி, கோயிலில் வெளிவீதி. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தபின்பும் கதவுகள் தாமாகத் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலமும், அதைத் தொடர்ந்த போராட்டங்களுமே அவற்றைத் தள்ளித் திறந்தன.

மதுவுக்கு வக்காலத்து வாங்குகிறீரோ என்பர் சிலர். இல்லை. குடியால் அழிந்த குடும்பங்களை நாமும் அறிவோம். சீவல் தொழிலாளியின் குடும்பமும் அவற்றுள் உண்டு. ஆனால் கண்டனம் கிண்ணத்துக்கும் பிளாவுக்கும் ஒன்றாயிருக்கட்டும். ஒன்றைக் கலையென்றும் மற்றதை இழிவென்றும் சொல்லும் நாக்கு, மதுவை வெறுக்கவில்லை, உழைப்பவனை வெறுக்கிறது.

1991, 2000, 2009ஆம் ஆண்டுகளின் சமர்கள் இம்மண்ணிற் பனைகளின் தலையறுத்தன; பதுங்குகுழிகளுக்கு வீழ்ந்தவையும் பல. புதிய வடலி பாளை தள்ளப் பதினைந்து இருபது ஆண்டுகள் செல்லும். நடுவதற்குச் சபைகள் உண்டு. பனை அபிவிருத்திச் சபை 1978இலேயே அமைக்கப்பட்டது. ஆனால் மரம் வளர்ந்தபின் ஏறுவது யார்? விழுந்தால் நட்டஈடு, முதுமையில் ஓய்வூதியம், வடிசாலை இலாபத்திற் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் உரிய பங்கு: இவை இல்லாத தொழிலுக்கு அவன் தன் மகனை ஏன் அனுப்பவேண்டும்?

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! 'பனை எங்கள் கற்பகதரு' என்று ஆண்டுதோறும் பள்ளிகளிற் கட்டுரை எழுதப்படுகிறது. வேர் முதல் ஓலை வரை அதில் எல்லாம் உண்டு. மரமேறுபவன் மட்டும் இல்லை. அடுத்த கட்டுரையை அவனிலிருந்து தொடங்குங்கள்.