சேத்தியாத்தோப்பு நிலத்தடி நீருக்கும் நிதி வேண்டும்

நெய்வேலியே ஆராய்ச்சியில் பிறந்த ஊர். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளை போட்டபோது கறுப்பாக ஏதோ மேலே வந்தது. அது பழுப்பு நிலக்கரி, அள்ள அள்ளக் குறையாத அளவுக்குக் கிடக்கிறது என்று 1940-களில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை துளையிட்டு உறுதி செய்தது. 1956-இல் அதைத் தோண்டி எடுக்க நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் (என்.எல்.சி.) நிறுவனம் உருவானது. மின் நிலையம் கட்ட சோவியத் ஒன்றியம் துணை நின்றது. மண்ணை வெட்டி அள்ளும் ராட்சதச் சக்கர இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. நிலக்கரிக்கு அடியில் பெரும் அழுத்தத்தில் நிற்கும் ஊற்றுநீரை ஓயாமல் இறைத்தால்தான் அங்கே சுரங்கமே தோண்ட முடியும். அந்த வித்தையையும் அரசுப் பணத்தில்தான் கற்றுக்கொண்டோம்.

அந்த நீர் இன்று என்ன நிலையில் இருக்கிறது என்று நெய்வேலி வட்டாரத்துச் சேத்தியாத்தோப்பு விவசாயி கேட்கிறார். வெள்ளாற்று அணைக்கட்டையும் வீராணம் ஏரியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நெல்லும் கரும்பும் விளைவிக்கிறவர் அவர். போரை இன்னும் எவ்வளவு ஆழம் இறக்க வேண்டியிருக்கும், வருகிற தண்ணீரைக் குடிக்கலாமா என்பதே அவர் கவலை. மத்திய நிலத்தடி நீர் வாரியமும் என்.எல்.சி.யும் நீர்மட்டத்தை அளக்கின்றன. பல்கலைக்கழகக் கட்டுரைகளும் வருகின்றன. ஆனால் அவர் நம்பிப் படிக்கும்படி, அவர் மொழியில், ஊர் ஊராக ஒரு கணக்கு அவர் கைக்கு வந்து சேரவில்லை.

2023-ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் இறுதியில் சேத்தியாத்தோப்பு கிழக்கு என்ற பெயரில் ஒரு நிலக்கரிப் பகுதி ஏலப் பட்டியலில் வந்தது. கடும் எதிர்ப்புக்குப் பின் ஏப்ரலில் நீக்கப்பட்டது. ஜூலையில் பக்கத்து வளையமாதேவியில் என்.எல்.சி. கால்வாய் வெட்ட, கதிர் விடும் நெற்பயிர் மீது இயந்திரங்கள் ஏறின. ஆகஸ்டில் நெய்வேலியைச் சுற்றி நீரிலும் மண்ணிலும் மாசு கலந்திருப்பதாக ‘பூவுலகின் நண்பர்கள்’ அமைப்பும் மந்தன் அத்யயன் கேந்திராவும் அறிக்கை வெளியிட்டன. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கு எடுத்தது. இந்தக் கேள்வியைத் தன்னார்வலர்கள் தங்கள் கைக்காசில் எழுப்ப வேண்டியிருந்தது. பொது நிறுவனம் ஒன்று பல ஆண்டுகளுக்கு முன்பே முறையாகச் செய்திருக்க வேண்டிய வேலை அது.

பணம் இல்லாமலில்லை. நிலக்கரியை வாயுவாக்கும் திட்டங்களை ஊக்குவிக்க 2024 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 8,500 கோடி ரூபாய் ஒதுக்கியது. அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டில் 50,000 கோடி என்று 2023-இல் சட்டம் வந்தது. அதில் அரசின் பங்கு 14,000 கோடி, மீதி தனியாரிடமிருந்தும் பிற வழிகளிலும் வர வேண்டும். தனியார் நிறுவனம் எதற்காக நம் ஊர்க் கிணற்றை ஆராயும்? இதற்கு முந்தைய ஏற்பாட்டில் நிதியின் 65 சதவீதம் ஐ.ஐ.டி.களுக்குப் போனது, மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குக் கிடைத்தது 11 சதவீதம்தான் என்று அமைச்சர் ஜிதேந்திர சிங்கே சொன்னார். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நிலவியலும் வேளாண்மையும் அங்கே பல தலைமுறைகளாகச் சொல்லித்தரப்படுகின்றன. இந்த மண்ணை அறிந்தவர்கள் அவர்கள். அவர்கள் கைக்கு நிதி போய்ச் சேர வேண்டும்.

ஜெர்மனியின் லௌசிட்ஸும் பழுப்பு நிலக்கரி பூமிதான். அந்தப் பகுதிக்கு நடுவே, கோட்புஸ் நகரில், 1991-இல் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார்கள். நிலக்கரியைக் கைவிடும் பகுதிகளுக்கு 2038 வரை 4,000 கோடி யூரோ வரை தருவதாக 2020-இல் சட்டம் செய்தார்கள்; புதிய ஆராய்ச்சி நிலையங்களும் அதில் அடக்கம். அங்கும் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஸ்ப்ரீ ஆறு சில இடங்களில் இரும்பு கலந்து பழுப்பாக ஓடுகிறது. சுரங்க நீர் நின்றுபோனால் வறண்ட கோடையில் அந்த ஆற்றின் நீர் சில இடங்களில் 75 சதவீதம் வரை குறையலாம் என்று அந்நாட்டு அரசின் சுற்றுச்சூழல் முகமையே 2023-இல் ஆய்வு வெளியிட்டு எச்சரித்தது.

இது நமக்கும் பொருந்தும். என்.எல்.சி. சுரங்க நீர்தான் இன்று வாலாஜா ஏரிப் பாசனத்துக்கு உதவுகிறது. ஒருநாள் சுரங்கம் மூடும்போது அந்த ஏரிக்கு எங்கிருந்து தண்ணீர் வரும்? இப்போதே ஆராயத் தொடங்கினால்தான் அப்போது விடை கையில் இருக்கும்.

இந்தியாவும் ஜெர்மனியும் சேர்ந்து நிதி தரும் இந்தோ-ஜெர்மன் அறிவியல் தொழில்நுட்ப மையம் 2010 முதல் இயங்குகிறது. அண்ணாமலையும் கோட்புஸும் கைகோத்து கடலூர் மாவட்ட நிலத்தடி நீரைப் பத்தாண்டு ஆராய அதன் வழியாக நிதி கேட்கலாம். மாநில அரசு இதை முன்னெடுக்க வேண்டும், மத்திய அரசு நிதி தர வேண்டும், என்.எல்.சி. தன்னிடமுள்ள அளவீடுகளைத் திறந்து கொடுக்க வேண்டும். முடிவுகளைத் தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு கிராம சபையிலும் படித்துக் காட்ட வேண்டும் என்று அரசை வலியுறுத்துகிறோம்.