வாடகைக்குப் படம் எடுப்போருக்கு

வாரத்தில் ஒரு நாள் குடும்பத்தோடு உட்கார்ந்து வீட்டிலேயே ஒரு படம் வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாமென்றால் எதைப் பார்ப்பதென்று தெரியவில்லை, நீங்களாவது நாலு படம் சொல்லக் கூடாதா என்று தோழர்கள் பலர் நம்மை நேரிலும் கடித மூலமாயும் கேட்டு வருகிறார்கள். சினிமாவுக்குச் சிபார்சு எழுதுவதுதானா இந்தப் பத்திரிகையின் வேலை என்று வேறு சிலர் கோபித்துக் கொள்ளவும் கூடும். அப்படிக் கோபித்துக் கொள்ளுகிறவர்களுக்கு நாம் சொல்லும் சமாதானம் ஒன்றே. படம் பார்க்காதே என்று சொல்லி ஒரு வீட்டிலாவது படம் நின்றதாக நாம் கேள்விப்பட்டதில்லை. நிற்காத காரியத்தை நிறுத்தப் பார்ப்பதைவிட அதை அறிவோடு செய்யச் சொல்லுவதே பிரயோஜனமுள்ளது என்பது நமது அபிப்பிராயம்.

வீட்டுக்குப் படம் வாடகைக்கு வருவது இன்று நேற்று ஏற்பட்ட புதுமையல்ல. 1980களில் நம் ஊர்களில் கலர் டி.வி.யும் டெக்கும் ஒரு ராத்திரிக்கு வாடகையாக வரும். தெருவில் பத்து வீட்டார் காசு போட்டு எடுத்து வருவார்கள். மூன்று கேசட், நான்கு கேசட் என்று விடிய விடிய ஓடும். கேசட் போய்த் தகடு வந்தது. அமெரிக்காவில் 1998 முதல் தகட்டைத் தபாலில் அனுப்பி வாடகை வாங்கி வந்த நெட்ஃபிளிக்ஸ் கம்பெனிகூட 2023 செப்டம்பரோடு அந்த வேலையை மூடிவிட்டது. இப்போது இருந்த இடத்திலிருந்தே பணம் கட்டி டி.வி.யிலோ செல்போனிலோ படத்தைப் பார்க்கிறோம். பணம் கட்டினால் பெரும்பாலும் 30 நாளைக்குள் ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பித்தால் 48 மணி நேரத்திற்குள் பார்த்து முடிக்க வேண்டும்.

சந்தா கட்டிவிட்டால் ஆயிரம் படம் கிடைக்கும்போது ஒரு படத்திற்குத் தனியாக வாடகை எதற்கு என்று சிலர் கேட்பார்கள். சந்தா என்பது மெஸ் சாப்பாடு. போட்டதைச் சாப்பிட வேண்டியதுதான். ஒரு படம் முடிந்ததும் சில விநாடிகளில் அதுவே அடுத்ததைத் துவக்கிவிடுகிறது. நேற்று வெட்டுக்குத்துப் படம் பார்த்தவனுக்கு இன்றும் வெட்டுக்குத்தையே கொண்டுவந்து நீட்டுகிறது. வாடகை என்பதோ நாமே பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்க் கத்தரிக்காயைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவது. காசு கொடுக்கும் முன் ஒரு நிமிஷமாவது யோசிக்க வேண்டியிருக்கிறதல்லவா? அந்த ஒரு நிமிஷ யோசனையை யாரிடமும் ஒப்படைத்துவிடாதீர்கள் என்றுதான் சொல்லுகிறோம்.

நிற்க, வீட்டில் பார்ப்பதில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. கொட்டகையில் படம் நம்மை நடத்திக்கொண்டு போகும். கதாநாயகன் அடித்தால் கைதட்ட வேண்டும், கதாநாயகி அழுதால் அழ வேண்டும். ஆயிரம் பேர் கைதட்டும்போது ஒருவன் மாத்திரம் ‘ஏன் அடித்தான்?’ என்று கேட்க முடியாது. வீட்டிலோ ரிமோட் நம் கையில் இருக்கிறது. நிறுத்தலாம், பின்னால் ஓட்டலாம், கேட்கலாம், வாதாடலாம். இந்தச் சௌகரியத்தைப் பயன்படுத்தாமல் வாயைப் பிளந்து பார்ப்பதற்கு வீடு எதற்கு?

இதை நாம் புஸ்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. நமக்குப் பத்து வயதிருக்கும்போது நமது தெருவில் டெக் வைத்த ஒரு ராத்திரி ‘ரத்தக்கண்ணீர்’ போட்டார்கள். 1954ல் எம்.ஆர். ராதா நடித்து வெளிவந்த படம் அது. அவர் பேச்சுக்குத் தெருவே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. பிறகு பணத்திமிர் பிடித்த அந்தக் கதாநாயகனுக்குக் குஷ்டரோகம் வருகிறது. ‘நன்றாய் வேண்டும் இவனுக்கு’ என்று ஜனங்கள் சத்தம் போட்டார்கள். கடைசி வரிசையில் விரல்கள் மழுங்கிய ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கூலிவேலை செய்து பிழைத்தவர். ஒருவருக்கும் தீங்கு நினையாதவர். அவர் மெல்ல எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இருட்டில் நடந்து போய்விட்டார். பார்த்துக்கொண்டிருந்த நமக்கும் என்ன சொல்லுவதென்று அந்த வயதில் தெரியவில்லை.

அன்று அந்த டெக்கை ஒரு நிமிஷம் நிறுத்தி, ‘ஐயா, இந்த வியாதி ஒரு கிருமியால் வருவது, நார்வே தேசத்து டாக்டர் ஹான்சன் 1873லேயே அந்தக் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார், கூட்டு மருந்து கொடுத்து இதை அடியோடு குணப்படுத்துகிறார்கள், பாவத்துக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை’ என்று சொல்ல ஒருவர் இருந்திருந்தால் அந்தப் பெரியவர் எழுந்து போயிருக்க வேண்டியதில்லையே!

அதற்காக அந்தப் படத்தைப் பார்க்க வேண்டாமென்கிறோமா? இல்லை. கண்டிப்பாய்ப் பாருங்கள். சாகப்போகிற புருஷன் தன் மனைவி தன் சிநேகிதனை மறுமணம் செய்துகொள்ள வேண்டுமென்று கேட்கும் துணிவு அன்றே அதில் இருக்கிறது. ஆனால் குஷ்டரோகக் கட்டம் வரும்போது நிறுத்தி, பிள்ளைகளுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டு மேலே ஓட்டுங்கள். நமக்குப் பிடித்த படத்திலும் தப்பு இருக்கும். அதை ஒப்புக்கொள்ளக் கூச்சப்படுகிறவன் எதிராளியின் தப்பைப் பேச யோக்கியதையற்றவனேயாவான்.

இனி நாம் சிபார்சு செய்யும் மற்றப் படங்களைச் சொல்லுவோம்.

முதலாவது ‘அந்த நாள்’. இதுவும் 1954ல் வந்ததுதான், எஸ். பாலசந்தர் டைரக்ட் செய்தது. பாட்டில்லை, நடனமில்லை, சண்டையில்லை. 1943ல் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட சமயத்தில் ஒருவன் சுடப்பட்டுச் சாகிறான். யார் சுட்டது என்று விசாரிக்கும்போது ஒவ்வொருவரும் தத்தம் சந்தேகத்தை ஒரு கதையாகச் சொல்லுகிறார்கள். ஒவ்வொன்றும் மெய்போலவே இருக்கிறது. ஒவ்வொருவர் சொல்லி முடித்ததும் நிறுத்தி, ‘இதை நம்பினாயா, ஏன் நம்பினாய்?’ என்று ஒருவரையொருவர் கேட்டுப் பாருங்கள். அழகாய்ச் சொல்லப்பட்டதெல்லாம் நிஜமாகிவிடாது என்பதை இதைவிடச் சுலபமாகப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க முடியாது.

இதே பாடத்தைக் கற்பிக்கும் அமெரிக்கப் படம் ஒன்று உண்டு. 1957ல் வந்த ‘ட்வெல்வ் ஆங்ரி மென்’ என்பது அது. தகப்பனைக் கொன்றதாக ஒரு பையன் மீது வழக்கு. பன்னிரண்டு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து, அவனுக்குச் சாவா வாழ்வா என்று தீர்மானிக்க வேண்டும். பதினொருவர் குற்றவாளி என்று கைதூக்குகிறார்கள். ஒருவர் மாத்திரம், ‘எனக்கு நிச்சயமில்லை, கொஞ்சம் பேசுவோம்’ என்கிறார். அவ்வளவுதான் படம். ஒன்றரை மணி நேரத்தில் சந்தேகம் என்பது எவ்வளவு பெரிய தர்மம் என்று விளங்கிவிடும். இங்கிலீஷ் தெரிந்த பிள்ளை அவ்வப்போது நிறுத்திப் பாட்டிக்குச் சொல்லிக்கொண்டு வரட்டும். பாஷையே தொந்தரவாயிருந்தால் சாப்ளினின் ‘மாடர்ன் டைம்ஸ்’ படத்தை எடுங்கள். 1936ல் வந்தது. தொழிலாளி சாப்பாட்டுக்காக வேலையை நிறுத்தக் கூடாதென்று முதலாளி அவனுக்குச் சோறூட்ட ஒரு மெஷினைப் பரீட்சை பார்க்கிறான். இந்த ஒரு கட்டத்துக்குப் பாஷை எதற்கு?

அடுத்தது ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. ஜெயகாந்தன் கதை, 1977ல் பீம்சிங் டைரக்ஷனில் லட்சுமி நடித்து வெளிவந்தது. மழையில் ஒரு காரில் ஏறிய கல்லூரிப் பெண் கெடுக்கப்படுகிறாள். வீட்டுக்கு வந்து சொல்லுகிறாள். தாய் கூச்சல் போடுகிறாள், அண்ணன் அடித்து வெளியே தள்ளுகிறான். இதே மழையையும் பெண்ணையும் வைத்து ஜெயகாந்தன் முன்பு எழுதிய சிறுகதையில் தாய் மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி அணைத்துக்கொண்டாள். குற்றம் செய்தவன் இரண்டிலும் ஒருவனே. பெண்ணின் வாழ்வு இரண்டு வழியாகப் பிரிந்தது வீட்டார் நடந்துகொண்ட மாதிரியால். தோழர்களே! அண்ணன் கை ஓங்கும் அந்த இடத்தில் படத்தை நிறுத்துங்கள். உங்கள் பெண்ணுக்கு நேரே, ‘உனக்கு எது நேர்ந்தாலும் முதலில் எங்களிடம் வந்து சொல்லு, கதவு திறந்திருக்கும்’ என்று சொல்லுங்கள். நூறு உபதேசத்தைவிட அந்த ஒரு வார்த்தை அவளைக் காப்பாற்றும்.

வீடு கட்டக் கடன் வாங்கியிருப்பவர்களும் வாங்கப் போகிறவர்களும் பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்தைப் பாருங்கள். 1988ல் வந்தது. உத்தியோகத்துக்குப் போகும் ஒரு பெண் சென்னையில் சொந்தமாய் ஒரு சிறு வீடு கட்டப் படும் பாடுதான் கதை. சிமெண்டு எங்கே போகிறது, காகிதம் எந்த மேஜையில் நிற்கிறது என்பதையெல்லாம் பார்த்தால் நம் வீட்டுக் கதையே என்று தோன்றும். சின்னப் பிள்ளைகளுக்கு 2015ல் வந்த ‘காக்கா முட்டை’. ரயில் பாதையோரம் கரி பொறுக்கி விற்கும் இரண்டு பையன்கள் பீட்சா தின்ன ஆசைப்படுகிறார்கள். கையில் காசு இருந்தும் கடைக்குள் ஏன் விடவில்லை என்று உங்கள் பிள்ளை கேட்பான். பதிலைத் தயாராய் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு 2018ல் வந்த ‘பரியேறும் பெருமாள்’. ஜாதியைப்பற்றி மேடையில் பேசுகிற நம்மில் சிலர்கூட அதைத் தங்கள் வீட்டாரோடு உட்கார்ந்து பார்க்கச் சங்கடப்படுவார்கள். அப்படிச் சங்கடப்படுகிற வீட்டில்தான் அது முதலில் ஓட வேண்டும்.

கடைசியாக ஒரு சங்கதி. படம் ஓடும்போது உங்கள் வீட்டில் எத்தனை பேர் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்று எண்ணியதுண்டா? புருஷன் உட்கார்ந்திருப்பான், பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும். மனைவி பாதிப் படத்தை அடுப்பங்கரையிலிருந்து காதால் கேட்பாள், மீதியை வாசற்படியில் நின்று பார்ப்பாள். எந்தப் படம் என்று அவளை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். பெண்ணின் துயரத்தைப்பற்றிய படத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டுக்கொண்டே ‘காபி கொண்டு வா’ என்று கூப்பிடுகிறவனை என்னவென்று சொல்லுவது? சமையலும் பாத்திரமும் எல்லோருமாய்ச் சேர்ந்து முடித்த பிறகே படத்தை ஆரம்பியுங்கள். ஒரு வாரம் தகப்பன் பொறுக்கினால் மறுவாரம் தாய் பொறுக்கட்டும். அதற்கடுத்த வாரம் மகள். அவள் பொறுக்குவது உங்களுக்குப் பிடிக்காமல் போனாலும் கடைசிவரை உட்கார்ந்து பாருங்கள். அவள் இத்தனை வருஷமாய் உங்களுக்குப் பிடித்ததைப் பார்க்கவில்லையா?

நாம் சொன்ன படங்களையும் நாம் சொன்னோமென்பதற்காக நல்ல படங்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. எடுத்துப் பாருங்கள், குற்றமிருந்தால் எழுதுங்கள். ஆனால் ஒவ்வொரு படத்திலும் ஒரு தடவையாவது நிறுத்தி, வீட்டில் யார் அதிகம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களைப் பார்த்து, ‘உனக்கு என்ன தோன்றுகிறது?’ என்று கேட்க வேண்டுமாய்க் கேட்டுக் கொள்ளுகிறோம்.