மாட்டுத் தடத்தை மறித்தது யார்?



மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி, நைஜர், நைஜீரியா என்று பல நாடுகளில் பரவிக் கிடப்பவர்கள் ஃபுலானி மக்கள். இவர்களில் பலருக்கு மாடுதான் சொத்து. மழைக்காலத்தில் வடக்கே புல்வெளிக்கு ஓட்டிப் போவார்கள். மழை நின்றதும் தெற்கே திரும்பி, கம்பும் சோளமும் அறுத்த நிலத்தில் தட்டை மேய விடுவார்கள். நம்ம ஊர்ல கிடை போடுற மாதிரிதான். மாட்டுக்குத் தீனி, நிலத்துக்குச் சாணி. இவர்களைத்தான் "ஓரிடத்தில் நிற்கத் தெரியாதவர்கள்" என்று பட்டணத்துக்காரர்கள் ஏசுகிறார்கள். நின்னா மாடு செத்துப்போகும் என்பது மேய்க்கிறவனுக்குத்தானே தெரியும்!

1968 முதல் 1974 வரை, மறுபடி 1983-84-ல் கொடும் வறட்சி. லட்சக்கணக்கில் மாடுகள் மடிந்தன. மிஞ்சியவர்கள் மந்தையைப் பிரித்து, கறவையை ஓரிடத்திலும் மற்றதை வேறிடத்திலும் மேய்த்தார்கள். தழையைக் கடித்துப் பிழைக்கிற வெள்ளாட்டைச் சேர்த்தார்கள். சிலர் ஒட்டகமும் வாங்கினார்கள். நைஜரில் வொடாபே என்ற ஃபுலானிப் பிரிவாரிடம் 'ஹப்பனாயே' என்றொரு வழக்கம் உண்டு. மாடு இழந்தவனுக்கு உறவுக்காரனோ சிநேகிதனோ ஒரு பசுவைக் கொடுப்பான். இரண்டு மூன்று ஈத்துக் கன்றுகள் வாங்கியவனுக்கே. பிறகு பசு மட்டும் திரும்பிப் போகும். வட்டி இல்லை, ஜாமீன் இல்லை. எந்த பேங்க் இப்படிக் கொடுக்கும்?

ஆக, வறட்சியைத் தாங்க அவர்களுக்குத் தெரியும். தாங்க முடியாதது வேறே. 2008-ல் மாலியின் அன்றைய அரசு, நைஜர் ஆற்றுப் பாசனப் பகுதியில் ஒரு லட்சம் ஹெக்டேரை, அதாவது இரண்டரை லட்சம் ஏக்கரை, லிபியா நாட்டுக் கம்பெனிக்குத் தூக்கிக் கொடுத்தது. 40 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டினார்கள். மாட்டுத் தடம் அறுந்தது. சம்சாரிகளின் வீடும் தோட்டமும் இடிபட்டன. 2011-ல் லிபியாவில் கடாஃபி ஆட்சி கவிழ்ந்ததும் திட்டம் நின்றுபோச்சு.

நைஜீரியாவின் பெனுவே மாநிலமோ 2017-ல் திறந்தவெளி மேய்ச்சலையே சட்டம் போட்டுத் தடுத்தது. மாடு பயிரை அழித்ததும், இரு பக்கமும் உயிர்கள் போனதும் உண்மை. பயிர் இழந்தவன் கோபத்தை நாம் குறை சொல்ல முடியாது. ஆனால் தடமெல்லாம் வயலும் கட்டடமுமாக ஆன பிறகு மாடு எந்த வழியாப் போகும்?

நைஜர் வேறு வழி எடுத்தது. மேய்ப்பவர் நடமாட்டம் அடிப்படை உரிமை என்று 2010-ல் சட்டத்திலேயே எழுதினார்கள். சில ஊர்களில் சம்சாரியும் மாட்டுக்காரரும் கூடி உட்கார்ந்து தடத்துக்கு எல்லைக் கல் நட்டிருக்கிறார்கள். தடம் எவ்வளவு அகலம், அறுவடை முடிந்து எந்தத் தேதியில் நிலத்தை மாட்டுக்குத் திறந்து விடுவது என்பதெல்லாம் அந்தப் பேச்சில்தான் முடிவாகிறது.