முழு எண்ணா என்று பார்க்க ஒரு வரி போதாது

இணைய நிரலாக்கம் பழகும் நம் பிள்ளைகளிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றிவிட்டது: "முழு எண்ணா என்று பார்க்க ஜாவாஸ்கிரிப்டில் ஒரு வரி போதும்." அது தவறு. ஓட்டமாவடியில் ஓர் அரிசி ஆலைக்கு ஓடர் எடுக்கும் படிவம் எழுதுவதாக வைத்துக்கொண்டு, சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"பார்ஸ்இன்ட் இருக்கிறதே." அது எதையும் சோதிப்பதில்லை, முன்னால் நிற்கும் இலக்கங்களைப் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும். கடைக்காரர் 1,500 கிலோ என்று காற்புள்ளியோடு எழுதினால் 1 என்றே வாசிக்கும். பிழை இருப்பதாக யாருக்கும் தெரியவராது.

"1 ஆல் வகுத்து மீதி 0 வந்தால் முழு எண்தான்." நிரப்பாமல் விட்ட பெட்டியையும் ஜாவாஸ்கிரிப்ட் 0 ஆக்கித்தான் வகுக்கிறது. மீதி 0, வெறும் பெட்டியும் தேறிவிடும்.

"2015இல் நம்பர்.இஸ்இன்டீஜர் வந்துவிட்டது." நல்ல கருவிதான். ஆனால் படிவப் பெட்டியிலிருந்து வருவது எழுத்துச் சரம். சரமாக வந்த 25ஐ முழு எண் அல்ல என்று அது தள்ளிவிடும். எண்ணாக மாற்றிக் கேட்டால் வெறும் பெட்டி மறுபடியும் 0 ஆகும். பணக் கணக்கு இன்னும் சிக்கல்: ரூபாய் 4.35ஐச் சதமாக்க 100 ஆல் பெருக்கினால் 434.99999999999994 வரும். 64 பிட் இரும வடிவத்தில் 4.35ஐத் துல்லியமாக வைக்க முடியாததே காரணம்.

"இலக்கமாக எழுதுவதெல்லாம் எண்தானே." மட்டக்களப்பின் 065இல் தொடங்கும் தொலைபேசி இலக்கத்தை எண்ணாக்கினால் முன்னாலுள்ள 0 போய்விடும். பழைய அடையாள அட்டையில் 9 இலக்கங்களோடு ஓர் எழுத்தும் உண்டு. புதியதில் 12 இலக்கங்கள். இவற்றை யாரும் கூட்டிக் கழிப்பதில்லை. சரமாகவே வைத்திருக்க வேண்டும்.

"உலாவியில் சோதித்தாயிற்று." உலாவியைத் தவிர்த்துவிட்டு நேரே சேவையகத்துக்குத் தரவு அனுப்ப எவராலும் முடியும். அங்கேயும் சோதிக்க வேண்டும்.

ஆகவே, பெட்டியில் வருவது எண்ணிக்கையா, பணமா, அடையாளமா என்று முதலில் தீர்மானியுங்கள். எண்ணிக்கையென்றால், ஓர இடைவெளிகளை நீக்கி, 0 முதல் 9 வரையான இலக்கங்கள் மட்டுமே உள்ளனவா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதியவரிடமே திருப்பிக் கேளுங்கள். பிறகு எண்ணாக்கி, 9007199254740991ஐத் தாண்டவில்லை என்பதை நம்பர்.இஸ்சேஃப்இன்டீஜர் கொண்டு உறுதிசெய்து, ஆலையால் கொடுக்கக்கூடிய அளவோடு ஒப்பிடுங்கள். பணத்தைத் தொடக்கத்திலிருந்தே சதமாக வைத்திருங்கள். எல்லாம் சேர்த்து நாலைந்து வரிதான். நம் படிவத்தை நம்பி ஓடர் தருபவருக்காக அவற்றை எழுதுவது நம் கடமை.