ஃபார்மேட் கடைசி வேலையாக இருக்கட்டும்

திரை பூட்டிக்கொண்டு பணம் கேட்கும் கணினி நம் சர்வீஸ் கடைக்கு வந்ததும் நம்மில் பலர் கேட்கும் முதல் கேள்வி, “ஃபார்மேட் அடிச்சிரலாமா?” அந்தக் கேள்வி கடைசியில் வரட்டும். எந்த வகைப் பூட்டு என்று கண்டறிவதுதான் முதல் வேலை.

முதல் வகை, பூட்டே அல்ல. அரசு முத்திரையோடு முழுத்திரையில் விரிந்து நிற்கும் இணையப் பக்கம் அது. எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். விடவில்லையென்றால் கன்ட்ரோல்–ஆல்ட்–டெலிட் கொடுத்து, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடித்துவிடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால், மீட்க வேண்டாம். நமக்கு இரண்டு நிமிட வேலை. வீட்டில் தனியாக அதைப் பார்ப்பவருக்கு அப்படியல்ல. 2023 செப்டம்பரில் கோழிக்கோட்டில், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பெயரில் வந்த போலிச் செய்தி 33,900 ரூபாய் கேட்டு மிரட்டியதில் 16 வயது மாணவன் உயிரை மாய்த்துக்கொண்டான். ஆகவே, எந்தத் தளம் பார்த்தீர்கள் என்று வாடிக்கையாளரைக் குடையாதீர்கள். “இது போலீஸ் இல்லை, பணம் கட்ட வேண்டாம்” என்று முதலில் சொல்லுங்கள். கட்டிவிட்டிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது வகை, உண்மையான திரைப்பூட்டு. 2012-இல் காவல்துறைச் சின்னத்தோடு பல நாடுகளில் பரவிய ரெவடான் இந்த இனம். இவை பெரும்பாலும் கோப்புகளைத் தொடுவதில்லை. விண்டோஸ் தொடங்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கமாண்ட் ப்ராம்ப்டுடன் சேஃப் மோடில் நுழைந்து, ரெஜிஸ்ட்ரியில் வின்லாகான் பகுதியின் ‘ஷெல்’ மதிப்பு எக்ஸ்ப்ளோரர் என்றே இருக்கிறதா என்று பாருங்கள்; ஸ்டார்ட்அப் பதிவுகளையும் பாருங்கள். அதுவும் முடியாதபோது, ரெஸ்க்யூ பென்டிரைவில் பூட் செய்து ஸ்கேன் செய்யுங்கள்.

மூன்றாவதுதான் கொடியது: கோப்புகளையே மறையாக்கம் செய்து, திறக்கும் சாவிக்குப் பணம் கேட்கும் ரான்சம்வேர். 2021 செப்டம்பரில் சென்னைத் தலைமைச் செயலகத்துக் கணினிகளே இதில் சிக்கின. லேன் கேபிளையும் வெளி டிஸ்க்குகளையும் உடனே கழற்றுங்கள். ஆனால் கணினியை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். 2017-இல் வான்னாக்ரை தாக்கியபோது, ரீஸ்டார்ட் ஆகாத சில எக்ஸ்பி, விண்டோஸ் 7 கணினிகளின் நினைவகத்திலிருந்தே சாவியை மீட்க முடிந்தது. இன்று சாவி இல்லையென்றாலும் டிஸ்க்கை அழிக்காமல் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். டெஸ்லாக்ரிப்ட்டை நடத்தியவர்கள் 2016-இல் மூலச் சாவியைத் தாங்களே வெளியிட்டார்கள். அதற்குள் ஃபார்மேட் அடித்தவர்களுக்கு அந்தச் சாவியால் பயனில்லை. ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் இலவச மீட்புக் கருவிகளைத் தேடாமல் யாருக்கும் கைவிரிக்க வேண்டாம். நிறுவனமாக இருந்தால், 6 மணி நேரத்துக்குள் இணையப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை உண்டு என்பதையும் நினைவூட்டுங்கள்.

இனி நம் பக்கம். ஸ்டாப் என்ற ரான்சம்வேர் குடும்பம் பெரும்பாலும் கிராக் மென்பொருள்கள் வழியாகவே பரவியது. ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஆக்டிவேட்டர் ஓட்டித் தருகிற சர்வீஸ்காரர், கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் வருகிறார். “எல்லாரும் இதைத்தானே போடுறாங்க” என்பது பதிலாகாது.

செட்டிநாட்டில் நம் கைக்கு வரும் டிஸ்க்குகளில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும்: மொத்த வியாபாரிகளின் டாலி கணக்கு, நகரத்தார் கோயில்களின் புள்ளிக் கணக்கு (குடும்பக் கணக்கு), ஸ்டுடியோக்களின் கல்யாண ஆல்பங்கள், இடிபட்ட பெரிய வீடுகளின் பழைய படங்கள். பல இடங்களில் எல்லாமே ஒரே கணினியில்தான். பேக்அப் டிஸ்க் வைத்திருப்பவர்களும் அதை எந்நேரமும் செருகியே வைத்திருக்கிறார்கள்; மூன்றாவது வகை வந்தால் அதுவும் சேர்ந்தே போகும். ஆகவே இந்த மாதம் முதல், என்ன பழுதென்று வந்தாலும் பில் எழுதுமுன், பேக்அப் எங்கே இருக்கிறது, கழற்றி வைத்திருக்கிறார்களா என்று ஒவ்வொருவரிடமும் கேட்போம். இல்லையென்றால் அன்றே ஒன்று எடுத்து, அவர் கண்முன் ஒரு கோப்பைத் திறந்து காட்டி அனுப்புவோம். அதற்குக் கூலி கேட்கத் தயங்க வேண்டாம். அது நியாயமான கூலி.