வந்தது சரி... வந்தது யாரு?

"டேப்பா? அதெல்லாம் இன்னும் இருக்கா?" என்று சிரிப்பவர்களுக்கு முதலில் ஒரு தகவல். 2011 பிப்ரவரியில் ஒரு சாஃப்ட்வேர் பக் காரணமாக ஜிமெயிலில் சிலருடைய மெயில் பெட்டி காலியாகிப் போனது. கூகிள் அவற்றை மீட்டது டேப்பிலிருந்துதான். 2021ல் வந்த எல்.டி.ஓ-9 டேப் ஒன்றில் 18 டெராபைட் பிடிக்கும். ஆக டேப் சாகவில்லை. சாகவேண்டியது வேறு ஒன்று :-)

சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே டேப் டிரைவைக் கழற்றி மாட்டுவதற்குப் பெயர் ஹாட் பிளக். பழைய பேரலல் ஸ்கஸி கேபிள் காலத்தில் புது டிரைவ் வந்ததே லினக்ஸுக்குத் தெரியாது. ஆள் உட்கார்ந்து, ஸ்கேன் என்ற ஃபைலில் மூன்று சின்னக் கோடு எழுதி "கொஞ்சம் தேடிப் பாரேன்" என்று கெஞ்சவேண்டும். எஸ்.ஏ.எஸ்., ஃபைபர் சானல் வந்தபிறகு அந்தக் கஷ்டம் போச்சு. மாட்டியவுடன் இணைப்பே சேதி சொல்லிவிடும். கெர்னல் என்கொயரி கட்டளை அனுப்பி "நீ யார்?" என்று கேட்கும். வகை 0 என்று பதில் வந்தால் டிஸ்க், 1 என்றால் டேப். உடனே எஸ்டி டிரைவர் ஓடிவந்து, காலியாக இருக்கும் நம்பரைக் கொடுத்துவிடும். எஸ்டி0, எஸ்டி1 என்று.

கண்டுபிடிச்சாச்சு, வேலை முடிஞ்சாச்சு என்கிறார்கள். எங்கே முடிந்தது?

பேங்கில் இன்று டோக்கன் 1 வாங்கியவர் வேறு, நாளைக்கு வாங்குபவர் வேறு. டோக்கனைப் பார்த்து நேற்றைய ஆளின் கணக்கில் பணம் எடுத்துக் கொடுக்கும் கேஷியரை எத்தனை நாள் வேலையில் வைத்திருப்பார்கள்? எஸ்டி0 என்பது வெறும் டோக்கன். அக்கவுண்ட் நம்பர் டிரைவிடமே இருக்கிறது, சீரியல் நம்பர் என்ற பெயரில். கேட்டால் சொல்லும். கேட்கத்தான் ஆளில்லை.

ஒரு சர்வரில் இரண்டு டிரைவ் என்று வையுங்கள். எஸ்டி0ல் தினமும் அழித்து எழுதும் டேப். எஸ்டி1ல் நாளுக்கு நாள் கடைசியில் சேர்த்து எழுதிவரும் வருஷக் கணக்கு டேப். சேர்த்து எழுதவேண்டும் என்பதால் அதன் ரைட் புரொடெக்ட் பூட்டும் திறந்தே இருக்கிறது. இரண்டு டிரைவையும் கழற்றி மாட்டும்போது வரிசை மாறிவிட்டது. ராத்திரி 2 மணிக்கு ஸ்கிரிப்ட் எழுந்து, எஸ்டி0ஐ ரீவைண்ட் செய்து, டார் ஃபைலை எழுதுகிறது. அவ்வளவுதான், போச்சு! டேப்பின் ஆரம்பத்தில் துளி எழுதினாலும் அதன் பின்னால் "தகவல் இங்கே முடிகிறது" என்ற குறி விழுந்துவிடும். பழைய தகவல் அதற்கு அப்பால் நாடாவில் கிடந்தாலும் டிரைவ் அங்கே போகாது. பென் டிரைவுக்குப் போடுகிற ரெகவரி சாஃப்ட்வேர் எல்லாம் இங்கே நடக்காது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதே எஸ்டி டிரைவர் இன்னொரு விஷயத்தில் மகா கறார். நடுவில் டிரைவ் ரீசெட் ஆகிவிட்டால், "டேப் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியவில்லை" என்று சொல்லி, ரீவைண்ட் மாதிரி ஏதாவது செய்து இடம் தெளிவாகும்வரை எழுதவே விடாது. சபாஷ். இடம் தெரியாவிட்டால் எழுதக்கூடாது என்று தெரிந்தவர்களுக்கு, ஆள் தெரியாவிட்டாலும் எழுதக்கூடாது என்று தோன்றவில்லையா?

"அதான் யுடெவ் இருக்கே, டேப் பை-ஐடி டைரக்டரியில் சீரியல் நம்பரோடு பெயர் இருக்கே, பயன்படுத்தாதவன் தப்பு" என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். பெயர் வைப்பது கெர்னலின் வேலை இல்லை என்ற கொள்கை நியாயம்தான். ஆனால் நெட்வொர்க் கார்டு விஷயத்தில் இப்படியா விட்டார்கள்? 2013ல் சிஸ்டம்டி 197ஆம் பதிப்பிலேயே ஈத்0, ஈத்1 என்ற வரிசைப் பெயரை ஒதுக்கிவிட்டு, கார்டு இருக்கும் இடத்தை வைத்துப் பெயர் கொடுத்தார்கள். டிஸ்குக்கு யூயூஐடி வந்தது. டேப் மட்டும் மாற்றாந்தாய் பிள்ளை.

அமாண்டா, பாகுலா போன்ற பேக்கப் மென்பொருள்கள் எழுதுமுன் டேப்பின் லேபிளைப் படித்துப் பார்க்கின்றன. நல்ல காரியம். ஆனால் எப்போதோ யாரோ எழுதிவைத்த நாலு வரி ஸ்கிரிப்ட் எதையும் படிக்காது. எழுதுமுன் சீரியல் நம்பரை ஒப்பிட்டு, மாறியிருந்தால் நின்றுவிடு என்று அதில் சேர்க்க இரண்டு வரி போதும். ஒரு ராத்திரி பேக்கப் நின்றுபோனால் காலையில் யாரோ ஒருவர் திட்டு வாங்குவார். வருஷக் கணக்கு டேப் போய்விட்டால், ஆடிட்டர் வந்து கேட்கும்போது எஸ்டி0ஐயா காட்டுவது?