விரலை வெட்டும் தையல்காரன்!

ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் ஹாப்மன் என்று ஒரு டாக்டர். 1844-ல் கிறிஸ்துமசுக்கு 3 வயது மகனுக்கு நல்ல படப் புத்தகம் தேடினார். ஒன்றும் பிடிக்கவில்லை. தாமே வரைந்து எழுதிவிட்டார்! 1845-ல் அச்சான அந்தப் படக்கதைகள் 'பரட்டைத்தலை பீட்டர்' என்று பெயர் பெற்றன.

அதில் ஒரு பையன் விரல் சூப்புகிறான். தையல்காரன் பாய்ந்து வந்து, பெரிய கத்தரிக்கோலால் இரு கட்டை விரல்களையும் 'நறுக்'கென்று வெட்டிவிடுகிறான்!

"குழந்தைக்கு இதுவா பரிசு?" என்று பதறும் தாய்மார் உண்டு. "விழுந்து விழுந்து சிரித்தோம்" என்போரும் உண்டு. தாய்மார் பக்கமே நியாயம் அதிகம்.

தீக்குச்சியோடு விளையாடிய சிறுமி எரிந்து சாம்பலாகும் கதையும் புத்தகத்தில் இருக்கிறது. பூனைகள் இரண்டு அழுது, கண்ணீர் ஓடையாக ஓடுகிறது! கொடூரம்தான். ஆனாலும் நெருப்பு சுடும் என்பது உண்மை. விரல் சூப்பினால் எந்தத் தையல்காரனும் வரமாட்டான். பொய் சொல்லி மிரட்டினால், குழந்தை இருட்டில் விரலை ஒளித்துக்கொண்டு விழித்துக் கிடக்கும்.